வீட்டோடு வந்த நீலம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

போன மாதம் ஸ்ரீநகர் பயணக் குறிப்பில், கபரஸ்தானில் கல்லறைகளின் மேல் வெள்ளையும் ஊதாவுமாக ஐரிஸ் பூத்துக் கிடந்ததை ஒரே பத்தியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நான் அந்தப் பத்தியிலேயே நின்றுவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஆத்தூர்க்காரி. பதினாலு வருஷமாக அமெரிக்காவில், ஒரெகான் மாநிலத்தில் இருக்கிறோம். சேலத்தை விட்டு வந்தேன் என்று பார்த்தால் இங்கேயும் ஒரு சேலம். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம். அந்த ஊரில் ஷ்ரைனர்ஸ் என்று ஒரு ஐரிஸ் பண்ணை இருக்கிறது. மே கடைசியில் போனால், பட்டுப்புடவைக் கடையில் ஒரு அலமாரி விடாமல் பிரித்துப் போட்ட மாதிரி இருக்கும். முதல் தடவை போனபோது கறுப்பு ஒன்று, ஆரஞ்சு ஒன்று, மேலே மஞ்சளும் கீழே அரக்குமாக ஒன்று, தாடியில் (கீழிதழில் தாடி மாதிரி நிற்கிற மயிர்க்கற்றை) கொம்பு முளைத்த பழுப்பு ஒன்று என்று வாங்கினேன். வருஷா வருஷம் சேர்ந்து ஒரு கட்டத்தில் முப்பத்திரண்டு வகை ஆகிவிட்டது.

வீடு வாங்கும்போதே வேலியோரம் ஒரு வெளிர்நீல ஐரிஸ் புதர் இருந்தது. பெயர் தெரியாது. புதிதாக வாங்கியதற்கு இடம் வேண்டுமே என்று அதைத்தான் வெட்டி வெட்டிக் குப்பைக் குவியலில் போட்டேன்.

இந்த வசந்தத்தில் ஒன்று கவனித்தேன். வேலை, சமையல் எல்லாம் முடித்து ஒன்பதே கால் மணி சுமாருக்குத் தோட்டத்துக்குப் போனால், கால் தன்னால் வேலியோரம் போகிறது. வெட்டிப்போட்டது போக மிஞ்சியிருக்கும் அந்த நீலத்துக்கு முன்னால் போய் நிற்கிறேன். முப்பத்திரண்டில் பாதியைப் பார்த்தால் அலுப்பாக இருக்கிறது. கறுப்புக்கு அன்றைக்கு நாற்பத்தைந்து டாலர் கொடுத்தேன் அக்கா. இப்போது அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

"வயசாயிடுச்சு, வேற ஒண்ணுமில்ல" என்கிறார் என் கணவர். எதிர்வீட்டுத் தாத்தா பழம் தின்று கொட்டை போட்ட தோட்டக்காரர். "எந்த ஐரிஸா இருந்தாலும் கடைசியில் பழைய ஊதாவுக்குத் திரும்பிவிடும், நீயும் அப்படித்தான்" என்று சிரிக்கிறார். எனக்கு இது வயதா, சலிப்பா, புத்தி தெளிந்ததா என்று தெரியவில்லை. ஜூலையில் தோண்டிப் பிரிக்க வேண்டும். பாதியைத் தூக்கிவிடலாமா?

அன்புடன்,
ர.

*

அன்புள்ள ர.,

எதைத் தூக்கினாலும் கொம்பு முளைத்த அந்தப் பழுப்பைத் தூக்காதீர்கள். ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

எனக்கு ஐரிஸ் பழக்கமானது இங்கிலாந்தில். மகன் இப்ஸ்விச்சில் வேலையாக இருந்த நாலு வருஷமும் மே, ஜூன் மாதங்களில் அங்கே போய்விடுவேன். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு மூட்டுவலி. மண்டியிட்டுச் செய்கிற தோட்ட வேலை எல்லாம் என் பங்குக்கு வந்தது. ஊர் திரும்பியதும் ஆசை விடவில்லை. சிம்லாவிலிருந்து நண்பர் கொண்டுவந்து கொடுத்த மூன்று கிழங்கைக் கோவையில் தொட்டியில் வைத்துப் பார்த்தேன். விசிறி விசிறியாக இலை விட்டு நம்பிக்கை கொடுத்தது. ஐப்பசி மழையில் மூன்றும் இஞ்சி அழுகுகிற மாதிரி அழுகிப் போயின. குளிரில் கொஞ்ச காலம் ஒடுங்கிக் கிடந்தால்தான் அதற்குப் பூ வரும். ஆக, சொந்தத் தோட்டத்தில் ஒரு ஐரிஸ்கூடப் பூக்க வைக்காதவள் சொல்கிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் உங்கள் வீட்டுக்காரர் சொன்னது. வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிக்கொண்டே வரும். மஞ்சள் கண்ணாடி தடுப்பது முதலில் நீல ஒளியைத்தான். ஓவியர் மோனேவுக்கு 1912இல் கண்புரை என்று கண்டுபிடித்தார்கள். அறுவை சிகிச்சை செய்துகொண்டது 1923இல். இடையில் அவர் வரைந்தவற்றில் செம்பழுப்பு ஏறிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். அவரும் தோட்டம் நிறைய ஐரிஸ் வளர்த்தவர். மெதுவாக வரும் மாற்றத்தை மூளை ஈடுகட்டிக்கொள்ளும் என்பதும் உண்மைதான். ஆனால் வயது நம்மை நீலத்தின் பக்கம் பிடித்துத் தள்ளாது. வேண்டுமானால் எதிர்ப்பக்கம் தள்ளும். இதை அவரிடம் சொல்லுங்கள். கூடவே கண் டாக்டரையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கண்ணில் பட்டது அந்த 'ஒன்பதே கால் மணி'. உங்கள் ஊரில் மே கடைசியில் எட்டே முக்கால் வாக்கில் சூரியன் மறைகிறது. அது மறைந்து அரை மணி ஆன பிறகு நம் கண்ணே வேறு கண். வெளிச்சம் குறையக் குறைய, பகலில் நிறம் பார்க்கிற செல்கள் ஓய்ந்து, இருட்டுக்கென்று இருக்கிற செல்கள் வேலையை எடுத்துக்கொள்ளும். அவற்றுக்குச் சிவப்பு அநேகமாகக் கறுப்பு. நீலமும் நீலப்பச்சையும் துலங்கித் தெரியும். பூர்க்கின்யே என்கிற செக் நாட்டு உடலியல் அறிஞர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைக் கவனித்திருக்கிறார். பகலில் கண்ணைப் பறித்த சிவப்புப் பூக்கள் விடியற்கருக்கலில் இலையைவிடக் கறுத்துக் கிடப்பதைப் பார்த்துத்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

நீங்கள் பண்ணையில் பூவைத் தேர்ந்தெடுத்தது முற்பகல் வெயிலில் இருக்கும். அதை வைத்து வாழ்வது அந்தியில். கறுப்பு ஐரிஸ் என்று விற்கிறார்களே, அது கறுப்பே இல்லை. ஒரு இதழைப் பிய்த்துச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், பன்னீர் திராட்சையை நசுக்கின சாறு மாதிரி ஒளி இறங்கும். அவ்வளவு அடர்ந்த ஊதா. பதினொரு மணி வெயிலில் அதன் மேல் ஒரு மினுக்கம் ஓடும், பட்டு மாதிரி. ஒன்பதே கால் மணிக்கு அது தோட்டத்தில் ஒரு ஓட்டை. நாற்பத்தைந்து டாலர் ஓட்டை. பக்கத்தில் இருக்கிற பெயர் தெரியாத நீலமோ, உள்ளே சிம்னி ஏற்றிவைத்த மாதிரி நிற்கிறது. ஒரு சனிக்கிழமை பகலில் போய் முப்பத்திரண்டையும் வரிசையாகப் பாருங்கள். அலுப்பில் பாதி அங்கேயே போய்விடும் என்று நினைக்கிறேன்.

மீதிப் பாதிக்குத்தான் கதை இருக்கிறது.

நீங்கள் முதல் நாள் வாங்கிய நாலில், 'மேலே மஞ்சள், கீழே அரக்கு' என்று ஒன்று சொன்னீர்கள். அந்தச் சேர்க்கையைப் பாரிஸில் லெமோன் என்கிற நர்சரிக்காரர் 'ஓனொராபில்' என்ற பெயரில் 1840இலேயே விற்றார். அடுத்து 1844இல் வெள்ளை இதழின் ஓரமெல்லாம் ஊதா நூலால் தையல் போட்ட மாதிரி 'மதாம் ஷெரோ'. இரண்டும் இன்னும் சில தோட்டங்களில் பூக்கின்றன. புதுமை என்று நீங்கள் வாங்கியது நூற்றெண்பது வருஷப் பழைய பார்டர். அது குறையும் இல்லை, நம் பாட்டிமார் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டுகிற சுங்குடிக்கு என்ன குறை?

அந்தக் காலத்துப் பூக்கள் சிறியவை, தண்டும் குட்டை. கேம்பிரிட்ஜில் உடலியல் பேராசிரியராக இருந்த மைக்கேல் ஃபாஸ்டர் துருக்கிப் பக்கத்திலிருந்து பெரிய ஐரிஸ்களை வரவழைத்து, இருந்தவற்றோடு கலக்கத் தொடங்கினார். பழையவற்றுக்குக் குரோமோசோம் 24, வந்தவற்றுக்கு 48. அவரே அதை அறியாமல் செய்த காரியம். எண்ணிப் பார்க்கிற வித்தை பின்னால்தான் வந்தது. பூ பெரிதானது, தண்டு உயர்ந்தது. ஆனால் நிறம்? எங்கே பார்த்தாலும் ஊதா, ஊதாவின் தங்கை, ஊதாவின் சித்தி. எல்லோரும் ஊதாவில் சலித்துப் போயிருந்த காலம் என்று ஒன்று இருந்தது ர. நீங்கள் இன்று தேடிப் போகிற நீலத்தைத்தான் அன்றைக்கு எல்லோரும் தாண்டிப் போனார்கள்.

அவர்கள் கேட்டது இளஞ்சிவப்பு. பழைய பட்டியல்களில் 'பிங்க்' என்று போட்டிருப்பதெல்லாம் வெங்காயத் தோல் நிறம்தான், ஊதாவில் தண்ணீர் விட்டது. ஐரிஸில் நிறம் இரண்டு வழியாக வருகிறது. ஊதாவும் நீலமும் செல்லின் சாற்றில் கரைந்திருக்கிற ஆந்தோசயனின். நாவல் பழத்தைத் தின்றால் நாக்கில் ஒட்டுமே, அந்த வகை. மஞ்சள், செல்லுக்குள்ளே பொட்டலம் கட்டி வைத்த மாதிரி இருக்கிற கரோட்டினாய்டு. பழுப்பு, அரக்கு, செம்பு என்று நாம் சொல்வதெல்லாம் மஞ்சளின் மேல் ஊதாவைப் போர்த்தியது. சுத்தச் சிவப்புக்கான சாயம் ஐரிஸிடம் கிடையாது. ஜெரேனியத்தைச் சிவக்க வைக்கிற சரக்கை அது செய்வதே இல்லை. இன்றுவரை தீயணைப்பு வண்டிச் சிவப்பில் ஒரு ஐரிஸ் கிடையாது. பட்டியலில் 'சிவப்பு' என்று போட்டிருந்தால் மரூன் என்று படித்துக்கொள்ளுங்கள்.

இளஞ்சிவப்பு எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒருவரை ஒருவர் கலந்துகொள்ளாத சில தோட்டங்களில் ஏறக்குறைய ஒரே சமயத்தில், உண்மையான, ஊதா வாடையே இல்லாத இளஞ்சிவப்புப் பூக்கள் மலர்ந்தன. இலினாய்ஸில் டேவிட் ஹால் என்கிற வழக்கறிஞர் பல வருஷம் இதற்காகவே கலப்புச் செய்துகொண்டிருந்தவர். அவருடைய 'ஷெரி' 1951இல் டைக்ஸ் பதக்கம் வாங்கியது. அமெரிக்க ஐரிஸ்காரர்களுக்கு அதற்கு மேல் விருது இல்லை. அந்த நிறம் எதனால் ஆனது தெரியுமா? லைக்கோபீன். தக்காளியில் இருப்பது. கொய்யாப் பழத்தை வெட்டினால் சில சமயம் உள்ளே சிவந்திருக்குமே, அதுவும் இதுதான். மஞ்சளாக மாற வேண்டிய சரக்கு பாதி வழியில் நின்றுபோனால் இளஞ்சிவப்பு. அந்தப் பூக்களில் தாடி எப்போதும் தக்காளி நிறத்தில் இருப்பது அதனால்தான். சந்தேகமாக இருந்தால் இதழைப் பார்க்காதீர்கள், தாடியைப் பாருங்கள், அது பொய் சொல்லாது.

ஏன் அதுவரை வரவில்லை என்பது கணக்கு. இந்தப் பெரிய ஐரிஸ்களில் ஒவ்வொரு மரபணுவும் நாலு பிரதி. இந்தக் குணம் வெளியே தெரிய நாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பாதிக்குப் பாதி ஒளித்து வைத்திருக்கிற செடியைத் தன்னோடு கலந்தால் முப்பத்தாறில் ஒன்றுதான் தேறும். விதை போட்டு முதல் பூவைப் பார்க்க இரண்டு, மூன்று வருஷம். எத்தனை பேர் முப்பத்தைந்தாவது நாற்றோடு நிறுத்தினார்களோ.

அப்படித் தவமிருந்து வாங்கிய இளஞ்சிவப்புக்கு என்ன ஆனது? இருபது, முப்பது வருஷத்தில் எல்லாத் தோட்டத்திலும் நுழைந்துவிட்டது. ஓரமெல்லாம் சுருக்கம் வைத்து, ஜரிகை மாதிரி நறுக்கி, வருஷத்துக்கு வருஷம் இன்னும் கொஞ்சம் அலங்காரம். இப்ஸ்விச் அம்மாள் ஒருநாள் அதைக் காட்டி, "இதுக்காக என் வீட்டுக்காரரோட ரெண்டு நாள் பேசாம இருந்தேன், அவ்வளவு விலை" என்றார். அதைச் சொன்னது நான் அந்தப் புதரைத் தோண்டி வண்டியில் போட்டுக்கொண்டிருந்தபோது. கண்ணில் வருத்தம் ஒன்றும் தெரியவில்லை. புடவை அலமாரியைத் திறந்தால் நமக்கும் இதே கதைதானே. எம்.எஸ். நீலம் கிடைக்காதா என்று கடை கடையாக ஏறி இறங்கியவர்கள், ஊரில் எல்லோரும் அதைக் கட்டத் தொடங்கியதும் காபிப்பொடி நிறத்துக்குப் போனார்கள். நிறம் கெட்டுப்போகவில்லை. அதைத் தேடி அலைந்த அலைச்சல் தீர்ந்துவிட்டது.

ஆனால் எல்லா நிறமும் இப்படி வந்து போவதில்லை. டைக்ஸ் பதக்கப் பட்டியலை எடுத்துக்கொண்டு உட்காருங்கள், சுவாரசியமாக இருக்கும். மஞ்சள் புதிதாக வலுத்த காலத்தில் 1944இல் 'ஸ்பன் கோல்ட்', 1948இல் 'ஓலா காலா' இரண்டும் மஞ்சள். 1952இல் 'ஆர்கஸ் ஃபெஸன்ட்', பழுப்பு. 1990களின் பிற்பாதியில் கறுப்புக்கு ஒரு மவுசு: 1996இல் 'பிஃபோர் த ஸ்டார்ம்', 1999இல் 'ஹலோ டார்க்னஸ்'. உங்கள் நாற்பத்தைந்து டாலர் அந்த அலையின் கடைசி நுரை. இவற்றுக்கு நடுவே இந்த வருஷங்களைப் பாருங்கள்: 1942 'கிரேட் லேக்ஸ்', 1947 'ஷிவல்ரி', 1949 'ஹெலன் மெக்ரெகர்', 1950 'புளூ ரிதம்', 1958 'புளூ சஃபையர்', 1961 'எலினர்ஸ் பிரைட்', 1972 'பேப்ளிங் புரூக்', 1986 'சாங் ஆஃப் நார்வே', 2001 'யக்வினா புளூ', 2006 'சீ பவர்'. அத்தனையும் நீலம். ஒவ்வொரு மோகத்துக்கும் பிறகு நடுவர்கள் நீலத்தின் வீட்டில் வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நடுவர்கள் தோட்டக்காரர்கள் அல்ல என்று நீங்கள் சொல்லலாம், சரிதான். ஆனால் அவர்களும் மாலையில் வீட்டுக்குத்தான் போகிறார்கள்.

பழுப்புக்கு வருகிறேன். இப்ஸ்விச்சிலிருந்து பத்து மைல் தள்ளி ஹேட்லி என்று ஒரு சிறிய ஊர். அங்கே பென்டன் எண்ட் என்கிற பழைய வீட்டில் செட்ரிக் மோரிஸ் என்கிற ஓவியர் 1940இலிருந்து 1982இல் சாகும் வரை இருந்தார். ஓவியப் பள்ளியும் நடத்தினார். வருஷத்துக்கு ஆயிரம் ஐரிஸ் நாற்று வளர்த்துப் பார்த்தவர் அவர். இளஞ்சிவப்பும் எடுத்தார். ஆனால் அவர் கண் லயித்தது வேறு இடத்தில்: பழைய தந்தத்தின் வெளுப்பு, புகை படிந்த ஊதா, டிக்காஷன் தூக்கலாக விட்ட காபி, காய்ந்த புகையிலை. சாயத்தட்டில் தூரிகையைக் கழுவின பிறகு நிற்கிற நிறங்கள். அந்தக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்தவை பெரிதும் பளபளப்பும். அவற்றுக்கு முன்னால் மோரிஸின் பூக்கள் நோயாளிகள் மாதிரி தெரிந்திருக்கும். அவர் போன பிறகு அவை சிதறிவிட்டன. சிசிங்ஹர்ஸ்ட் தோட்டத்தில் தலைமைத் தோட்டக்காரராக இருந்து ஓய்வு பெற்ற சாரா குக், பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு யார் யார் வீட்டிலோ கிடந்ததைத் தேடிச் சேர்த்தார், இருபதுக்கு மேல். 2015 செல்சி மலர்க் காட்சியில் அவற்றைக் கொண்டுவந்து வைத்தபோது, எல்லோருக்கும் அந்த மங்கல் நிறம்தான் வேண்டியிருந்தது. இன்று 'பென்டன்' என்று பெயர் தொடங்கினாலே கூடுதல் கவனம். பூ ஒன்றும் மாறவில்லை. எழுபது வருஷம் அது வாசலில் நின்றுகொண்டிருந்தது, கதவைத் திறக்க அத்தனை காலம் ஆயிற்று.

உங்கள் கொம்புக்காரரும் அந்தச் சாதிதான் என்று நினைக்கிறேன். சொல்வதைப் பார்த்தால் 'தார்ன்பேர்ட்' அல்லது அதன் பங்காளி. கொஞ்சம் பச்சை கலந்த காய்ந்த புல் நிறம், தாடி நுனியில் ஊதாக் கொம்பு. 1997இல் அதற்கு டைக்ஸ் பதக்கம் கொடுத்தார்கள். இதையா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு, இதைத் தவிர வேறு வேண்டாம் என்றவர்களும் உண்டு. கண்ணுக்கு உடனே பிடித்துப்போகாத நிறத்துக்கு ஒரு வசதி, அது சீக்கிரம் தீர்ந்துபோவதில்லை. என் கணிப்பில் நீங்கள் இன்னும் அந்தப் பூவிடம் போய்ச் சேரவில்லை. ஐந்து வருஷம் கழித்து நீங்களே அதைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். இப்போது தூக்கினால் அப்போது மறுபடி காசு கொடுத்து வாங்க வேண்டும்.

எதிர்வீட்டுத் தாத்தா சொன்னது பழைய நம்பிக்கை. இங்கிலாந்திலும் கேட்டிருக்கிறேன்: 'கலர் கலராக வைத்தேன், எல்லாம் ஊதாவாகிவிட்டது.' கிழங்கு நிறம் மாறாது. ஒரே செடியின் துண்டுதானே அது, நாற்பது வருஷம் ஆனாலும் அதே பூதான். நடப்பது வேறு. பழைய நீலம், பழைய ஊதா இவற்றுக்கு உயிர் கெட்டி. வருஷத்துக்கு ஒரு கிழங்கு நாலாகும். புது அழகிகளில் சிலது ஒன்றாகவே நிற்கும், ஈரம் அதிகமானால் அழுகும். எடை தாங்காமல் மழையில் தண்டோடு சாயும். நாலைந்து வருஷம் பிரிக்காமல் விட்டால் முரடு மெலிந்ததைத் தின்றுவிடும். விதை விழுந்து முளைத்ததும் நடுவில் கலந்திருக்கலாம். இப்ஸ்விச் அம்மாள் தோட்டத்தில் மண்ணைக் கிளறும்போது அலுமினியப் பெயர்த் தகடுகள் கிடைக்கும். பென்சிலால் எழுதிய பெயர் அப்படியே இருக்கும். அதன் மேல் வேறொரு ஊதா வேர்விட்டு உட்கார்ந்திருக்கும். நான் ஒரு பிற்பகலில் பதினேழு தகடு எடுத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் படித்து, எதன் பூ எப்படி இருந்தது என்று சொல்லிக்கொண்டு வந்தார். நாலின் பூ அவருக்கே ஞாபகம் வரவில்லை.

ஆக, நீங்கள் நீலத்துக்குத் திரும்பினீர்கள் என்பதில் பாதிதான் உங்கள் வேலை. மற்றப் பாதியை அந்தச் செடி செய்திருக்கிறது. நீங்கள் வெட்ட வெட்ட வந்துகொண்டே இருந்து, வருஷா வருஷம் கண்ணில் பட்டு, உங்களைப் பழக்கியிருக்கிறது. ஸ்ரீநகரில் நான் பார்த்ததும் அதே சாதிப் பிடிவாதம்தான். அங்கே கல்லறை மேல் யாரோ ஒரு கிழங்கை ஊன்றிவிட்டுப் போகிறார்கள். ஊன்றியவர் பெயரும் கல்லில் இருப்பவர் பெயரும் அழிந்த பிறகும் அது பூக்கிறது.

உண்மையிலேயே நிறம் மாறிய ஐரிஸ் வேண்டுமென்றால் தாத்தாவை ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்புங்கள். வான்கோ 1890 மே மாதம் சாந்த்-ரெமியில் மஞ்சள் பின்னணியில் ஒரு ஜாடி ஐரிஸ் வரைந்தார். அன்று அவை ஊதா. அவர் கலந்த சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் வெளிறிப்போய், இன்று நாம் பார்ப்பது நீலம். கூட வரைந்த இன்னொன்று நியூயார்க்கில் இருக்கிறது. அதில் இளஞ்சிவப்புப் பின்னணி அநேகமாக வெள்ளையாகவே ஆகிவிட்டது.

உங்கள் நீலம் எது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். அடுத்த மேயில் மொட்டைப் பாருங்கள். மொட்டை மூடியிருக்கும் உறை, பூ விரிவதற்கு முன்பே காய்ந்து, வெள்ளித்தாள் மாதிரி சரசரக்கிறதா? பூவை முகர்ந்தால் திராட்சைச் சர்பத் வாசனை அடிக்கிறதா? இரண்டும் இருந்தால் அது பல்லிடா, அட்ரியாட்டிக் கடலோரத்துக் காட்டுச்செடி. உங்கள் முப்பத்திரண்டில் அநேகத்துக்கும் கொள்ளுப்பாட்டி. இத்தாலியில் அதன் கிழங்கைத் தோல் சீவி, வருஷக்கணக்கில் உலரவைத்து வாசனைத் திரவியத்துக்கு எடுக்கிறார்கள். தோண்டின அன்று ஒரு மணமும் இருக்காது, வைத்திருக்க வைத்திருக்கத்தான் வரும்.

ஜூலையில் தோண்டும்போது இலையை அரை அளவுக்கு விசிறி மாதிரி நறுக்கிவிட்டு, கிழங்கின் முதுகு வெயில் படும்படி மேலாக வையுங்கள், மஞ்சள் புதைப்பது போல ஆழமாகப் புதைக்காதீர்கள். கறுப்பைச் சமையலறை ஜன்னலுக்கு நேரே கிழக்குப் பக்கம் மாற்றுங்கள், காலைக் காபிக்கு அது போதும். கொம்புப் பழுப்பை மேற்கே, இறங்கு வெயில் இதழுக்குப் பின்னாலிருந்து வரும் இடத்தில் வையுங்கள். மஞ்சள் மேல் போர்த்திய ஊதா என்று சொன்னேனே, வெளிச்சம் ஊடுருவும்போது இரண்டும் தனித்தனியாகத் தெரியும். ஆரஞ்சைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை, வீட்டுக்காரரைக் கேளுங்கள்.

குப்பைக் குவியலைக் கிளறிப் பாருங்கள். வெட்டிப்போட்ட நீலம் அங்கேயும் இலைவிட்டிருக்கும். ஒரு விசிறியை எடுத்துக் கழுவி, எதிர்வீட்டுத் தாத்தாவுக்குக் கொடுங்கள். அவரிடம் ஏற்கெனவே இருக்கும். இருந்தாலும் வாங்கிக்கொள்வார்.

அன்புடன்,
அக்கா